கால்விரல் என்னும் கடைமடை

ஏற்காட்டிலிருந்து பைக்கில் இறங்கி அடிவாரத்து டீக்கடையில் நிறுத்தினேன். டிசம்பர் மாதம், நல்ல பனி. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என் காலைப் பார்த்துவிட்டு, "என்னண்ணா, ஒரு கால்ல செருப்பைக் காணோம்?" என்றார். குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எதில் கழன்று விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. அந்தக் காலால்தான் வழியெல்லாம் கியர் மாற்றியிருக்கிறேன், அதே காலைத் தார் ரோட்டில் ஊன்றி நிற்கிறேன், கீழே இருப்பது செருப்பா ரோடா என்று கால் எனக்குச் சொல்லவே இல்லை.

அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே மதமதப்பு இருந்தது. முதலில் இரண்டு பெருவிரல்களின் நுனி, அப்புறம் எல்லா விரலும், பிறகு பஞ்சுமேல் நடப்பதுபோல் பாதம் முழுக்க. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்தேன், சரியாக இருந்தது. ஒரு இடத்தில் எந்தப் பரிசோதனையும் செய்யாமல் 'நரம்பு ஊசி' பத்து போட்டார்கள். இன்னொரு இடத்தில் முதுகை ஸ்கேன் எடுத்து டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, அதுதான் காரணம் என்றார்கள். யாரும் கேட்காத கேள்வி ஒன்றுதான்: மரமரப்பு எங்கே தொடங்கி எப்படி ஏறியது? பாதி பதில் அதில்தான் இருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது.

நரம்பு என்ற சொல்லை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் புறங்கையில் பச்சையாகத் தெரிவதும் நரம்பு, கெண்டைக்காலில் புடைத்துச் சுருண்டிருப்பதும் நரம்பு சுருட்டல். அவை இரண்டும் ரத்தக்குழாய்கள். உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு வெளியே தெரியாமல் உள்ளே வெள்ளை நூல்போல ஓடுகிறது. கை நடுக்கம், படபடப்பு, அசதி எல்லாவற்றையும் 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லிவிடுகிறோமே, அதுவும் இது இல்லை. நான் சொல்வது நியூரோபதி, அதாவது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே ஓடும் நரம்புகள் கெட்டுப்போவது.

சரி, ஏன் விரலில் தொடங்குகிறது? பெருவிரலைத் தொட்டால் அதை உணரும் செல்லின் உடல் விரலில் இல்லை, கீழ் முதுகில் தண்டுவடத்தை ஒட்டிய ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. அந்த உடல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனால் அதிலிருந்து கிளம்பும் இழை விரல்நுனி வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். இவ்வளவும் ஒரே ஒரு செல். அந்த இழைக்குத் தேவையான புரதங்களில் பெரும்பங்கு செல்லின் உடலில் தயாராகிறது, அங்கிருந்து இழைக்குள் ஓடும் நுண்குழாய்களின்மேல் கைனசின் என்ற மூலக்கூறு ஒவ்வொரு மூட்டையாகச் சுமந்து நடக்கிறது. வேகமாகப் போகும் சரக்கு நாளுக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் நகரும், ஆக விரல்நுனியை எட்ட இரண்டரை நாள். மெதுவாகப் போகும் சரக்கு நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான், அது போய்ச் சேர ஒரு வருஷம்கூட ஆகலாம்.

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தால் மறுநாளே வேதாரண்யத்துக்குத் தண்ணீர் போய்விடாது என்பது நமக்குத் தெரியும். அணையில் வரத்து குறைந்தால் முதலில் காய்வதும் வாய்க்காலின் கடைசி முனையான அந்தக் கடைமடைதான், அணையை ஒட்டிய வயல் கடைசியில்தான் காயும். கால்விரல் உடம்பின் கடைமடை. செல்லுக்குச் சத்துக் குறைந்தாலும் சரி, சர்க்கரையால் நரம்புக்கு ரத்தம் கொடுக்கும் மெல்லிய குழாய்கள் கெட்டாலும் சரி, உடம்பு முழுக்க ஒரே அளவு பாதிப்பு இருந்தாலும் மிக நீளமான இழைதான் முதலில் தாக்குப்பிடிக்க முடியாமல் போகிறது. இரண்டு காலும் ஒரே நீளம் என்பதால் இரண்டிலும் ஒன்றாகத் தொடங்குகிறது, காலுறை போட்டதுபோல மேலே ஏறுகிறது. முழங்காலை நெருங்கும்போது, அதுவரை நன்றாக இருந்த கைவிரல் நுனிகளும் மரக்க ஆரம்பிக்கும், ஏனென்றால் கைக்கு வரும் இழையின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

சம்மணம் போட்டு உட்கார்ந்து கால் மரத்துப்போவது வேறு சங்கதி. அங்கே நரம்பும் அதன் ரத்த ஓட்டமும் அமுங்கி, செய்தி போவது சிறிது நேரம் நின்றுவிடுகிறது. எழுந்ததும் நரம்பு மறுபடி வேலைக்கு வரும்போது கண்டபடி துடிக்கும், அதுதான் அந்த எறும்பு ஊறுவது, ஊசி குத்துவது எல்லாம். சில நிமிஷத்தில் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக நான் போய்ச் சேர்ந்த டாக்டர் ஸ்கேன் கவரைத் தொடவே இல்லை. நொடிக்கு 128 முறை அதிரும் ஒரு இசைக்கவையைத் தட்டி என் பெருவிரல் எலும்பில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்க என்றார். சில்லென்ற இரும்பு மாதிரிகூடத் தெரியவில்லை, சும்மா எதுவோ தொட்ட அழுத்தம். கணுக்கால் எலும்பில் வைத்தார், தூரத்தில் செல்போன் அதிர்வதுபோல மெல்லியதாக. முழங்காலுக்குக் கீழே வைத்ததும் ர்ர்ர் என்று தெளிவாக வந்தது. என் மூன்று வருஷக் குழப்பத்தை அந்த ஒரு நிமிஷம் வரைபடமாகப் போட்டுவிட்டது. இது முதுகுப் பிரச்சினை இல்லை என்றார். டிஸ்க் நரம்பை அழுத்தினால் பெரும்பாலும் ஒரு காலில், இடுப்பிலிருந்து கீழே ஒரு பட்டைபோல இறங்கும். நாற்பதைத் தாண்டியவர்களை ஸ்கேன் எடுத்தால் வலியே இல்லாத பலருக்கும் டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும்.

வரைபடம் வேறாக இருந்தால் காரணமும் வேறு. சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் காலை மடக்கி மணிக்கணக்காக உட்காருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே, ஒரு நரம்பு எலும்பின்மேல் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கே அமுங்கினால் ஒரு பாதத்தின் மேற்புறம் மட்டும் மரக்கும், பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு முனை தரையில் உரசும். தொழுநோய்க் கிருமிக்கோ உடம்பின் குளிர்ச்சியான இடங்கள்தான் பிடிக்கும், அதனால் காது, முழங்கை, தோலின் ஏதோ ஒரு பகுதி என்று ஒழுங்கில்லாமல் திட்டுத்திட்டாக வரும். உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் வெட்கப்படாமல் காட்ட வேண்டும், அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகிற நோய் அது.

அடுத்து நரம்பின் வேகத்தை அளக்கும் பரிசோதனை. படுக்க வைத்தார்கள், பேனாவால் புள்ளி வைத்து டேப்பால் அளந்தார்கள், கெண்டைக்காலில் சிறு ஷாக் கொடுத்துக் கணுக்காலுக்குப் பின்னால் அலையைப் பிடித்தார்கள். 14 சென்டிமீட்டரை 2.8 மில்லிசெகண்டில் கடந்தால் நொடிக்கு 50 மீட்டர், அது நல்ல வேகம். வேகம் ரொம்பக் குறைந்தால் இழையைச் சுற்றியுள்ள மயலின் உறை கெட்டிருக்கிறது, வேகம் இருந்தும் அலையின் உயரம் குட்டையானால் இழைகளே எண்ணிக்கையில் குறைந்துவிட்டன. என்னுடையது குட்டை. ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது: அன்று காலை நான் ஏற்காட்டுக் குளிரில் பைக்கில் வந்திருந்தேன், பாதம் ஐஸ்கட்டி. பரிசோதனை செய்த பெண் தொட்டுப் பார்த்துவிட்டு அதை நிறுத்தி, சுடுநீர்ப் பை வைத்துக் கால்மணி நேரம் சூடேற்றின பிறகுதான் அளந்தார். காலின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் நரம்பின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் குறையும், கவனிக்காவிட்டால் இல்லாத நோயை எழுதிவிடுவார்கள்.

இந்தப் பரிசோதனை பெரிய இழைகளைத்தான் பார்க்கும். சூடு, எரிச்சல், வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளுக்கு மயலின் உறையே இல்லை அல்லது மிகக் குறைவு. அவற்றில் உறையில்லாதவை நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் போகும், இந்த எந்திரத்தில் தெரியாது. ராத்திரி பாதம் எரிகிறது, ரிப்போர்ட் நார்மல், அதனால் மனப்பிரமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கணுக்காலுக்குமேல் 3 மில்லிமீட்டர் தோல் எடுத்து இழைகளை எண்ணிப் பார்க்கும் வழி இருக்கிறது.

காரணங்களில் முதலிடம் சர்க்கரைக்குத்தான். வெறும் வயிற்றில் நார்மல் என்று நிறுத்திவிடக் கூடாது, மூன்று மாத சராசரியும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதும் வேண்டும். அடுத்தது பி12 வைட்டமின் குறைவு. கல்லீரலில் சில வருஷத்துக்கான இருப்பு இருப்பதால் குறை ஏற்பட்டு வெகுநாள் கழித்தே வெளியே தெரியும், ரத்தசோகை இல்லாமலும் நரம்பு கெடலாம். சுத்த சைவக்காரர்களும் சர்க்கரைக்கு வருஷக்கணக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டும். குளியலறையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடுகிறதா? அதைத் தவறாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். முன்பு சொன்ன 'நரம்பு ஊசி'களில் பி6 வைட்டமினும் இருப்பதுண்டு, அதில் ஒரு விஷயம்: பி6 குறைந்தாலும் நரம்பு கெடும், அதிக அளவில் நெடுநாள் எடுத்தாலும் கெடும். இவை தவிர மது, தைராய்டு, சிறுநீரகம், சில காசநோய் மற்றும் புற்றுநோய் மருந்துகள் என்று பட்டியல் நீளும்.

சேலத்துக்காரர்கள் என்னிடம் கேட்பது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி பற்றி. மரவள்ளியில் சயனைடு தரும் பொருள் இருப்பது உண்மை. நைஜீரியா போன்ற இடங்களில், புரதம் போதாமல், சரியாகப் பக்குவம் செய்யாத கிழங்கையே வேளாவேளைக்குச் சாப்பிட்டவர்களிடம் நரம்பு நோய் பார்த்திருக்கிறார்கள். தோலுரித்து, திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு எப்போதாவது தின்கிற நமக்கு அந்தக் கவலை வேண்டாம், ஜவ்வரிசியும் கழுவி, படியவைத்து, வறுத்து வருவதுதான்.

நாள்கணக்கில் வேகமாக மேலேறிக் கால் பலமிழந்தாலோ, இரண்டு தொடைக்கு நடுவே மரத்துச் சிறுநீர் நின்றாலோ, ஒரு பக்கம் கை முகத்தோடு சேர்ந்து மரத்தாலோ இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்காமல் 108 கூப்பிட வேண்டும்.

எனக்கு இந்தக் காரணங்கள் அத்தனையும் பார்த்தாயிற்று, எதுவும் இல்லை. முழுப் பரிசோதனைக்குப் பிறகும் சுமார் நாலில் ஒருவருக்குக் காரணம் தெரிவதில்லை என்றார் டாக்டர், அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் மெதுவாகத்தான் ஏறும் என்றும் சொன்னார். எரிச்சலுக்கு மாத்திரை இருக்கிறது, மரத்த இடத்துக்கு உணர்ச்சியைத் திருப்பித் தரும் மாத்திரை இல்லை. இழை மறுபடி வளர்ந்தாலும் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான்.

ஆகவே கண்ணைக் காலாக்கிக்கொண்டேன். பின்னால் வார் வைத்த செருப்பு, போடும்முன் உதறிப் பார்ப்பது, தண்ணீரின் சூட்டை முழங்கையில் பார்ப்பது. ஆடிப்பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு விடியற்காலையிலேயே போய்விடுவேன், மத்தியான வெயிலில் சுடும் கல் என் பாதத்தைக் கொப்புளிக்க வைத்தாலும் எனக்குத் தெரியாது. ராத்திரி மனைவி கண்ணாடியைப் பிடிக்க, பாதத்தின் அடிப்புறம் பார்க்கிறேன். மாதம் ஒருமுறை எவர்சில்வர் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி முழங்காலிலிருந்து கீழே தடவிக்கொண்டே வருவேன். சில்லென்பது எங்கே நிற்கிறதோ அங்கே பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு, கணுக்காலிலிருந்து அது எத்தனை விரல் உயரம் என்று நோட்டில் தேதியோடு ஒரு வரி. போன ஆடியில் நாலு விரல். இந்த மாதமும் நாலு விரல்தான்.