வசதிப் பொருள் என்றால் வசதியானவர் வாங்கும் பொருளா?

வணிகவியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ‘வசதிப் பொருள்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக’ என்ற வினாவுக்குக் ‘குளிர்சாதனப் பெட்டி, கார்’ என்று ஒரு மாணவர் எழுதியிருந்ததைக் கண்டேன். விடைக்குறிப்பில் இருந்தவையோ தீப்பெட்டியும் உப்பும். மதிப்பெண் போட வழியில்லை. ஆனால் வினாவில் இருந்த தமிழை அப்படியே நம்பியதைத் தவிர அவர் வேறு பிழை செய்யவில்லை. இதே விடையை நான் பார்ப்பது முதன்முறையும் அன்று.

‘வசதிப் பொருள்’ என்பது கன்வீனியன்ஸ் குட்ஸ் என்னும் ஆங்கிலத் தொடருக்கு வைத்த சொல். கன்வீனியன்ஸுக்கு வேர், ஒன்றுகூடுதல், பொருந்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. 1923இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மெல்வின் கோப்லாண்டு, வாங்குபவர் எவ்வளவு மெனக்கெடுகிறார் என்பதை வைத்து நுகர்பொருள்களை மூன்றாகப் பகுத்தார். பக்கத்துக் கடையில் யோசிக்காமல் வாங்குவது கன்வீனியன்ஸ். நாலு கடை ஏறி இறங்கி ஒப்பிட்டு வாங்குவது ஷாப்பிங். பிராண்டுக்காகவே மற்ற கடைகளைத் தாண்டிப் போய் வாங்குவது ஸ்பெஷாலிட்டி. விற்பவர் வந்து சொல்லும்வரை நினைத்தும் பாராத அன்சாட் (unsought) வகை பின்னர்ச் சேர்ந்தது.

‘வசதி’ வடமொழியில் குடியிருப்பைக் குறித்த சொல். தமிழில் அது தங்குமிடத்திலிருந்து சுகத்துக்கும், சுகத்திலிருந்து செல்வத்துக்கும் நகர்ந்துவிட்டது. ‘வசதியான இடத்துப் பெண்’ என்றால் யாரும் முகவரி கேட்பதில்லை. வடசொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை, பொருளைத் தலைகீழாக்குவதால் மறுக்கிறேன். ‘உங்கள் வசதிப்படி வாருங்கள்’ என்பதில் ஆங்கிலச் சொல்லின் பொருள் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அங்கே அது வருகிற ஆளைச் சார்ந்து நிற்கிறது. பொருளுக்கு முன்னால் ஒட்டிய உடனே, வாங்கும் முறையைக் குறிக்க வேண்டிய சொல் வாங்கப்பட்ட பொருளின் சுகத்தைக் குறிக்கத் தொடங்கிவிடுகிறது.

இதை உணர்ந்த சிலர் ‘அன்றாடப் பொருள்’ என்று மாற்றுகிறார்கள். கேட்க இனிமையாக இருந்தாலும் இதுவும் பொருந்தாது. அரிசி அன்றாடம் உலையில் ஏறுவதுதான். ஆனால் மூட்டையில் கைவிட்டு அள்ளி, பழைய அரிசியா புது அரிசியா என்று பார்த்து, ஒரு மணியை வாயிலும் போட்டுக் கடித்து, அடுத்த கடையிலும் விலை விசாரித்து வாங்குகிற வீட்டில் அது ஷாப்பிங் வகையைச் சேரும். மாறாக, திடீர் மழைக்குப் பேருந்து நிலையத்தில் வாங்கும் குடை, ஆண்டுக்கு ஒருமுறை வாங்குவதானாலும், கன்வீனியன்ஸ் வகைதான். ‘அத்தியாவசியப் பொருள்’ என்பதோ 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்துக்குச் சொந்தமாகிவிட்ட சொல். சூயிங்கத்தை அதற்குள் அடைக்க முடியாது.

என் பரிந்துரை ‘அலையாமல் வாங்கும் பொருள்’ என்பது. அதற்கு இணையாக ஷாப்பிங் வகை ‘அலைந்து வாங்கும் பொருள்’ ஆகும், ஸ்பெஷாலிட்டி ‘தேடிப்போய் வாங்கும் பொருள்’ ஆகும். நீளம் என்பார்கள். நீளம்தான், ஆனால் விளக்கவுரை வேண்டாத நீளம். பிராண்டின் வேலை வகைக்கு வகை மாறுவதும் இதில் தெரிந்துவிடும். அலையாமல் வாங்குபவர் தம் பிராண்டு இல்லையென்றால் இருப்பதை வாங்கிக்கொள்வார்; தேடிப்போனவர் வெறுங்கையோடு திரும்புவார்.

ஷாம்பு நல்ல சான்று. கடலூர் சின்னி கிருஷ்ணன் அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்தார். 1983இல் தொழில் தொடங்கிய அவர் மகன் சி. கே. ரங்கநாதன் சிக் ஷாம்புவை அதே வழியில் ஊர் ஊராகக் கொண்டுசென்றார். பெட்டிக்கடை வாசலில் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளில் ஒன்றைக் கடைக்காரர் கிழித்துத் தருகிறபோதுதான் ஷாம்பு கன்வீனியன்ஸ் வகைக்குள் வருகிறது. வசதியானவர் வீட்டுப் புட்டியை விட்டு வெளியேறிய பிறகே அது ‘வசதிப் பொருள்’ ஆயிற்று என்று எழுத நேர்கிறது பாருங்கள்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, அதைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதில்லை. அதே வினாத்தாளில் அன்சாட் குட்ஸ் ‘தேவையற்ற பொருள்’ ஆகியிருந்தது. தேடாதது வேறு, தேவையற்றது வேறு. ‘தேடாப் பொருள்’ என்றாலே போதும். விடைக்குறிப்பு ஆயுள் காப்பீட்டை எதிர்பார்த்தது. நம் மாணவர் ‘புகையிலை’ என்று எழுதியிருந்தார்.