கப்பலுக்கு ஏற்ற இடம், குடிக்க உதவாத ஆறு

1607 மே மாதம் வட அமெரிக்காவில், வர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஆற்றில் ஆங்கிலேயர் நூறு பேருக்குமேல் வந்து இறங்கிய இடத்தில், கரையை ஒட்டியே தண்ணீர் நல்ல ஆழமாக இருந்தது. ஏறத்தாழ 11 மீட்டர். கப்பலைக் கரை மரத்திலேயே கட்டிவிடலாம். ஸ்பானியர் படையெடுத்து வந்தாலும் தற்காத்துக்கொள்ள வசதி. அவ்வளவுதான், அந்த இடமே ஜேம்ஸ்டவுன் என்ற பெயரில் குடியேற்றத்தின் ஆட்சிப்பீடம் ஆகிவிட்டது. தாழ்வான ஈர நிலத்தில் குடியேறாதீர்கள் என்று இவர்களை அனுப்பிய லண்டன் கம்பெனி எழுதியே கொடுத்திருந்தது. இவர்கள் இறங்கியதோ சதுப்பில்.

அந்தப் பகுதியில் ஆறு ஒரு கழிமுகம். நன்னீர் லேசு, உப்புநீர் கனம். ஆற்றுநீர் மேலாகக் கடலை நோக்கிப் போகும்போது கடல்நீர் அடியில் புகுந்து மேலேறும். வசந்தத்தில் வரத்து அதிகம் என்பதால் உப்பு கீழே தள்ளப்படும். கோடையில் வரத்து சுருங்கியதும் உப்பு ஜேம்ஸ்டவுன் வரை வந்துவிடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் அடியோட்டம் அடங்கிப்போவதால் வண்டலும் கழிவும் கடலுக்குப் போகாமல் ஓதத்தோடு, அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கத்தோடு, மேலும் கீழும் அலைந்துகொண்டே இருக்கும். காலையில் ஆற்றில் விட்டது மாலையில் குடத்துக்கே திரும்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓதம் ஏறினால் ஒரே உப்பு, வடிந்தால் சேறும் அழுக்கும் என்று அங்கே இருந்த ஜார்ஜ் பெர்சி எழுதிவைத்திருக்கிறார். செப்டம்பர் முடிவதற்குள் பாதிப்பேர் இறந்துவிட்டார்கள். பசியும் சண்டையும் சேர்ந்துதான் கொன்றன. ஆனால் வயிற்றுப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் அந்தத் தண்ணீரே போதும்.

போதாக்குறைக்கு வறட்சி வேறு. சதுப்பு சைப்ரஸ் மரங்களின் ஆண்டு வளையங்களைப் படித்த ஆய்வாளர்கள், 1606 முதல் 1612 வரையிலான ஏழாண்டுகள் 770 ஆண்டுகளிலேயே மிக வறண்டவை என்று கண்டார்கள். வரத்து குறையக் குறைய உப்பு இன்னும் உள்ளே ஏறியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் தலைநகரம் நகரவில்லை. சட்டமன்றம் 1619இல் அங்கேதான் கூடியது. புகையிலைக் கப்பல்களும் வந்துகொண்டிருந்தன. அரசாங்கங்களுக்கு இடம் மாற அவ்வளவு எளிதில் மனம் வராது. 1676இல் கிளர்ச்சியாளர்கள் எரித்த ஊர் மறுபடி கட்டப்பட்டது. 1698இல் அரசு மாளிகை மீண்டும் தீக்கிரையான பிறகுதான், 1699இல், இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருந்த மேட்டுநிலத்துக்குப் போனார்கள். அதுதான் வில்லியம்ஸ்பர்க்.

1780இல் அமெரிக்க விடுதலைப் போருக்கு நடுவே தலைநகரம் ரிச்மண்டுக்கு மாறியது. அங்கே ஜேம்ஸ் ஆறு பாறைகளில் இறங்குவதால் ஓதம் அதற்குமேல் ஏறாது. உப்புப் பிரச்சினை இல்லை. பிரிட்டிஷ் கப்பல்களுக்கும் எட்டாத தொலைவு என்று நம்பினார்கள். 1781 ஜனவரியில் பிரிட்டிஷ் தளபதி பெனடிக்ட் ஆர்னால்டு அதே ஆற்றில் படையோடு ஏறிவந்து, வழியில் இறங்கி நடந்து, ரிச்மண்டைக் கொளுத்தினார்.