நடுவில ஆருமில்லையெண்டா கையெழுத்தை ஆர் பாக்கிறது?

போன கிழமை ஒரு தங்கச்சி கேட்டிருந்தா: "அண்ணை, நான் மாஸ்டடானில ஒரு சேர்வரில இருக்கிறன், என்ரை சிநேகிதி ரொறன்ரோவில வேறொரு சேர்வரில இருக்கிறா, ஃபேஸ்புக் மாதிரி நடுவில ஒரு கொம்பனி இல்லையெண்டா நான் எழுதுறது அவவிட்டை எப்பிடிப் போகுது, என்ரை பேரில வேறை ஆரும் எழுதி அனுப்பினா?" முதல் கேள்வியைக் கெதியா முடிச்சுப்போட்டு ரெண்டாவதுக்கு வாறன், விசயமே அதுக்குள்ளதான் கிடக்கு.

மாஸ்டடான் ஃபேஸ்புக் மாதிரி எழுதிப் பகிர்ற ஒரு சமூக வலை. அதின்ரை சேர்வருகள், அதாவது பதிவுகளை வச்சிருந்து அனுப்புற கணினியள், எங்கட ஊர் வாசிகசாலையள் மாதிரி. ஊருக்கு ஒண்டு, நடத்துறது அந்த ஊர்ச் சனம், அங்க என்ன கதைக்கலாம் என்ன கதைக்கக்கூடாதெண்டு முடிவெடுக்கிறதும் அவைதான். ஜேர்மனியில இருந்து ஓய்கன் ரொக்கோ 2016இல வெளியிட்ட மென்பொருள் இது. சேர்வருகள் தங்களுக்குள்ள கதைக்கிற பாஷைக்குப் பேர் அக்டிவிட்டிபப், 2018இல வலைக்குத் தரங்கள் வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு அதை ஒரு தரமா அங்கீகரிச்சது. நீங்கள் ஒண்டு எழுதினா உங்களைப் பின்தொடர்றவை எந்தெந்தச் சேர்வரில இருக்கினம் எண்டு பாத்து உங்கட சேர்வர் பிரதி அனுப்பும். ஒரே சேர்வரில 50 பேர் இருந்தாலும் அநேகமா ஒரு பிரதிதான் போகும், வாசிகசாலைக்கு வாற ஒரு பேப்பரை மேசையைச் சுத்தி இருந்து ஊரே வாசிக்கிற மாதிரி. அந்தப் பக்கம் சேர்வர் படுத்துக் கிடந்தா விட்டு விட்டுத் திருப்பி அனுப்பிப் பாக்கும்.

சரி, இனிக் கள்ளக் கடிதம். நீங்கள் கணக்குத் திறக்கேக்கயே உங்கட சேர்வர் உங்களுக்கு ரெண்டு திறப்புச் செய்யும், ஒண்டு ரகசியம், மற்றது ஆரும் வந்து பாக்கக்கூடிய பகிரங்கத் திறப்பு. ஒரு பேப்பரும் பென்சிலும் எடுங்கோ, செய்து பாத்தாத்தான் இதின்ரை வடிவு தெரியும்.

3ஐயும் 11ஐயும் பெருக்கினா 33. இந்த 33 எல்லாருக்கும் தெரியலாம். பகிரங்கத் திறப்பு 3, ரகசியத் திறப்பு 7. நீங்கள் எழுதின பதிவைச் சேர்வர் முதல்ல ஷா-256 எண்ட உரலில போட்டு இடிச்சு ஒரு எண்ணாக்கும். இடிச்ச சம்பலில இருந்து திருப்பித் தேங்காய்ப்பூ எடுக்க ஏலாது, அதே மாதிரி அந்த எண்ணில இருந்து உங்கட பதிவை எடுக்க ஏலாது, ஆனா பதிவில ஒரு எழுத்து மாறினாலும் எண் தலைகீழா மாறிப்போகும். அந்த எண் 4 எண்டு வைப்பம். ரகசியத் திறப்பு 7தானே, அப்ப 4ஐ ஏழு தரம் வச்சுப் பெருக்கோணும், 16384 வரும், 33ஆல பிரிச்சா மிச்சம் 16. அதுதான் உங்கட கையெழுத்து.

கடிதம் ரொறன்ரோவுக்குப் போகுது. அங்க இருக்கிற சேர்வர் உறையில எழுதியிருக்கிற பேரை நம்பாது, நேர உங்கட சேர்வரிட்டை வந்து பகிரங்கத் திறப்பை எடுத்துக்கொண்டு போகும். 16ஐ மூண்டு தரம் வச்சுப் பெருக்கினா 4096. 33ஆல பிரியுங்கோ. மிச்சம் 4! தானும் பதிவை இடிச்சுப் பாக்கும், அதுவும் 4. சரி, இது அவ எழுதினதுதான். வழியில ஆரோ ஒரு சொல்லை மாத்தியிருந்தா இடிக்கேக்க 5ஓ 9ஓ வந்திருக்கும், கையெழுத்தில இருந்து வாறது 4 எண்டு நிக்கும், கள்ளம் அதிலயே பிடிபட்டுப்போகும். அனுப்பின நேரமும் கையெழுத்துக்குள்ள சேர்றதால பழைய கடிதத்தைக் களவெடுத்து அடுத்த கிழமை திருப்பி அனுப்பவும் ஏலாது.

அந்த 4 திரும்பி வாற இடத்தை நான் முதல் முதல் கையால செய்து பாத்த அண்டு நித்திரையே வரேல்லை.

7ஐக் கண்டுபிடிக்கோணுமெண்டா 33ஐ 3, 11 எண்டு உடைக்கத் தெரியவேணும், அது ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்யும். ஆனா மாஸ்டடானில பாவிக்கிற எண்ணுக்கு 617 இலக்கம், அதை உடைக்க இண்டைக்கு இருக்கிற கணினியளால ஏலாது. ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் எண்ட மூண்டு பேர் 1977இல கண்டுபிடிச்ச வழி இது. இதுக்கு அடிப்படை எண்கோட்பாடு, எண்களின்ரை குணங்களை ஆராயிற கணிதம். ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்குக் கூப்பிட்ட ஹார்டி, அந்த எண்கோட்பாட்டால ஒரு பிரயோசனமும் இல்லையெண்டு பெருமையாச் சொன்னவர். ஆராய்ச்சிக்குக் காசு கேட்டா "இதால என்ன லாபம்?" எண்டு முதல் நாளே கேக்கிறவை இதை ஒருக்கா யோசிக்கவேணும், இண்டைக்கு எங்கட வங்கிக் கணக்குக்கும் காவல் நிக்கிறது இந்தப் பிரயோசனமில்லாத கணக்குத்தான்.

ஆனா தங்கச்சி, ஒண்டை மறந்திடாதேங்கோ. கையெழுத்து வேறை, பூட்டு வேறை. மாஸ்டடானில நீங்கள் ஒராளுக்கு மட்டும் எழுதுறதையும் சேர்வர் நடத்துறவர் நினைச்சா வாசிக்கலாம், ரகசியத் திறப்பும் அவரிட்டைத்தான் கிடக்கு. அதால முகம் தெரிஞ்ச ஆக்கள் நடத்துற சேர்வராப் பாத்துச் சேருங்கோ. 2022 ஏப்ரல் 3இல இலங்கை அரசாங்கத்துக்காரர் நாடு முழுக்க ஃபேஸ்புக், வட்ஸ்அப், ருவிட்டர் எல்லாத்தையும் மறிச்சவை, நாலைஞ்சு கொம்பனிதானே, பட்டியல் போடச் சுகம், ஆயிரக்கணக்கான சேர்வரெண்டா மறிக்கிறது அவ்வளவு சுகமில்லை. வெளிநாட்டில இருக்கிற ஊர்ச்சங்கங்கள் வளைவு கட்டச் சேர்க்கிற காசில ஒரு சின்னத் துண்டை எடுத்தாலே ஒரு ஊருக்குச் சேர்வர் நடத்தலாம், எங்கட கம்பஸ் பிள்ளையளே அதைப் பாத்துக்கொள்ளுவினம், இதை நான் போற இடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் திரியிறன்.

சேர்வரை மூடினா என்ன செய்யிறதெண்டும் கேட்டிருந்தீங்கள். முதலே தெரிஞ்சா வேறை சேர்வருக்கு மாறலாம், பின்தொடர்றவை உங்களோட வருவினம். எழுதின பதிவுகள் வராது. அதால செட்டிங்ஸில போய் உங்கட பதிவுகளின்ரை பிரதி ஒண்டை இடைக்கிடை இறக்கி வச்சுக்கொள்ளுங்கோ, கடைசியா நீங்கள் எப்ப எடுத்தனீங்கள்?