அரங்கேற்றத்துக்கு என்ன அவசரம்?

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த கையோடு கிருஷ்ணகிரியில் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு ஒரு கூட்டம் வரும். 11 வயதிலிருந்து 15 வயதுக்குள் இருக்கும் பெண் பிள்ளைகள், கூடவே அம்மா. குதிகால் வலி, முட்டி வலி, பாதத்தின் நடுவில் அழுத்தினால் வலி. கீழே விழுந்தாயா என்றால் இல்லை, எங்காவது இடித்துக்கொண்டாயா என்றால் அதுவும் இல்லை. மே மாதம் முழுக்கக் காலையும் மாலையும் பரதநாட்டியப் பயிற்சி, அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு வகுப்பு போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று தினமும் நாலு மணி நேரம் தரையைத் தட்டியிருக்கிறாள். ஏன் இப்படி என்று கேட்டால் அம்மாவிடம் பதில் தயாராக இருக்கும்: "பத்தாவது போறதுக்குள்ள அரங்கேற்றத்தை முடிச்சிடணும் மேடம். அப்புறம் எங்க நேரம்?"

இந்த அவசரம்தான் பிள்ளைகளை என்னிடம் அனுப்பிவைக்கிறது. நாட்டியம் அல்ல.

நான் பரதம் ஆடியவள் இல்லை. ஓசூரில் வளர்ந்தவள், பெங்களூரு பக்கத்திலேயே இருந்ததால் வீட்டில் பாலே வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். பள்ளிக்காலம் முழுக்க ஆடினேன், பிசியோதெரபி படிக்கப் போனபோது விட்டுவிட்டேன். பாலே ஆடியவள் என்று சொன்னால் இந்தப் பக்கம் இரண்டு கேள்விதான் வரும். கால்விரல் நுனியில் நிற்பது நிஜமா? ஷூவுக்குள் இரும்பு வைத்திருப்பார்களா? நிற்பது நிஜம்தான், இரும்பு கிடையாது. துணியையும் அட்டையையும் அடுக்கடுக்காகப் பசை போட்டு இறுக்கிய முனை அது, மேலே சாட்டின் துணி. வேர்வையிலும் மிதியிலும் சீக்கிரமே நைந்துபோகும். மேடைக் கலைஞர்கள் ஒரே நிகழ்ச்சியில் ஒரு ஜோடியைத் தீர்த்துவிடுவதும் உண்டு.

யாரும் கேட்காத விஷயம் ஒன்று இருக்கிறது. பொறுப்பான பாலே பள்ளியில் அந்த ஷூவைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டார்கள். சில வருடப் பயிற்சி முடிந்து, பெரும்பாலும் 11, 12 வயதுக்கு மேல்தான், அதுவும் கணுக்காலும் இடுப்பும் தாங்குமா என்று பார்த்த பிறகே. இத்தனைக்கும் பாலேயில் அவசரப்படக் காரணம் உண்டு. நடனக் குழுக்கள் 17, 18 வயதிலேயே வேலைக்கு எடுத்துக்கொள்கின்றன. 40 வயதுக்குள் பெரும்பாலானவர்கள் மேடையை விட்டு இறங்கிவிடுகிறார்கள். காலம் குறைவு, ஓடித்தான் ஆக வேண்டும்.

பரதத்தில் அந்த நெருக்கடி எங்கே இருக்கிறது? பரதக் கலைஞர் ருக்மிணி தேவி பிறந்தது 1904ல். 1928ல் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்து, அவர் குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றுக்கொண்டார். உங்கள் நாட்டு நடனத்தைப் பாருங்கள் என்று பாவ்லோவா தூண்டியதும் இந்தப் பக்கம் திரும்பினார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று 1935ல் அடையாறில் ஆடியபோது அவருக்கு 31 வயது. அடுத்த வருடமே கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். இன்னொரு பெரிய பரதக் கலைஞர் பாலசரஸ்வதி ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினாரே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் அது பரம்பரை பரம்பரையாகச் சங்கீதமும் ஆட்டமும் வாழ்ந்த வீடு, சொல்லிக்கொடுத்தவர் கந்தப்பப் பிள்ளை. நடுவயதைத் தாண்டியும் பாலசரஸ்வதியின் அபிநயத்துக்காக, அதாவது முகத்தாலும் கையாலும் பாவம் காட்டுவதற்காக, உலகமே காத்திருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறுபது வயதில் பதம் என்கிற மெதுவான பாட்டு ஒன்றுக்கு உட்கார்ந்த இடத்திலேயே அபிநயம் பிடிக்கலாம். பாலேயில் அப்படி ஒரு வசதியே கிடையாது. இவ்வளவு நீளமான பாதை இருக்கும்போது 14 வயதுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது கலை போட்ட விதி இல்லை, பள்ளிக்கூட அட்டவணை போட்ட விதி.

இனி உடம்புக்கு வருவோம். அரைமண்டியில், அதாவது முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கிற பரதத்தின் அடிப்படை நிலையில், பாதங்கள் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். பாலேயிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். இந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். ஆட்டுக்கல் குழியில் குழவி உருள்கிற மாதிரி, தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் உருள்கிறது. குழி எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் பார்க்கிறது, தொடை எலும்பின் கழுத்து எவ்வளவு முறுக்கியிருக்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். பிறந்த குழந்தைக்கு அந்த முறுக்கு 40 டிகிரி வரை இருக்கும். வளர வளரக் குறைந்து பெரியவர்களுக்கு 15 டிகிரி அளவில் நிற்கும். சில பிள்ளைகளுக்கு அவ்வளவாகக் குறையாது. தரையில் உட்காரச் சொன்னால் இரண்டு காலையும் பின்பக்கமாக மடித்து, பாதங்கள் இடுப்புக்கு வெளியே கிடக்க உட்காருவார்களே, அவர்களில் பலர் இந்த வகைதான். அவர்களுக்குச் சம்மணம் போடுவதே சிரமம். அரைமண்டி அதைவிடச் சிரமம். சோம்பேறி என்று திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை, எலும்பு அப்படி.

பயிற்சியால் இடுப்புத் தசை பலப்படும், இருக்கிற அளவை முழுதாகப் பயன்படுத்தலாம். எலும்பு தராத அளவைத் தசை தராது. ஆனால் பிள்ளை கெட்டிக்காரி. மிஸ் எதிர்பார்க்கிற மாதிரி பாதத்தை மட்டும் தரையில் அழுத்தித் திருப்பி வைத்துவிடுவாள். பார்க்க அழகான அரைமண்டிதான். உள்ளே முட்டி முறுக்கிக்கொண்டிருக்கும், பாதத்தின் வளைவு உட்கார்ந்துபோயிருக்கும். என்னிடம் வந்த ஒரு பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்து, முட்டியை மடக்கி, காலை ஒவ்வொன்றாக மற்றக் காலின் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். வலது இடுப்பு தாராளமாகத் திரும்பியது, இடது அதில் பாதிகூட இல்லை. வகுப்பில் அவள் தினம் வாங்கிய திட்டு என்ன தெரியுமா? "இடது முட்டியைப் பின்னால தள்ளு." வலி எந்த முட்டியில் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளைக்கு ஷார்ட்ஸ் போட்டு அரைமண்டியில் நிற்கச் சொல்லுங்கள். நேர் எதிரே தரையில் உட்கார்ந்து செல்போனில் ஒரு படம் எடுங்கள். முட்டிச் சில்லின் நடுவிலிருந்து கீழே ஒரு கோடு இறக்கினால் அது பாதத்தின் இரண்டாவது விரல் பக்கம் விழ வேண்டும். கட்டைவிரலையும் தாண்டி உள்பக்கம் விழுந்தால், பாதம் இடுப்பைவிட அதிகமாகத் திரும்பியிருக்கிறது, மிச்சத்தை முட்டி சுமக்கிறது. பாதத் திருப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். முட்டியும் விரலும் ஒரே பக்கம் பார்க்கிற இடம்தான் இப்போதைக்கு அவளுடைய அரைமண்டி. அந்தப் படத்தை டான்ஸ் மிஸ்ஸிடம் காட்டுங்கள். நான் பார்த்தவரை, படத்தைப் பார்த்தால் புரிந்துகொள்ளாத ஆசிரியர்கள் குறைவு.

அடுத்தது தரை. இது நம் மாவட்டத்துக்கென்றே வாய்த்த பிரச்சினை. பர்கூர், ஜெகதேவி பக்கம் போனால் சாலை ஓரமெல்லாம் கிரானைட் பட்டறைதான். கல் சல்லிசாகக் கிடைப்பதால் இங்கே புது வீடு, கல்யாண மண்டபம், டான்ஸ் கிளாஸ் நடக்கிற மாடி ஹால் எல்லாவற்றிலும் கல் தரை, அல்லது கான்கிரீட் மேல் டைல்ஸ். பரதத்தின் அடிப்படை ஆட்ட அசைவுகளை அடவு என்பார்கள். அதில் தரையைத் தட்டும் தட்டடவை வெறுங்காலால் தட்டும்போது அந்தத் தரை ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கிக்கொடுக்காது. அடி முழுக்கக் குதிகாலுக்கும் கெண்டைக்கால் எலும்புக்கும் திரும்பி வருகிறது. பாலே கூடங்களில் மரப்பலகைக்கு அடியில் கட்டைகளோ ரப்பரோ கொடுத்துத் தரையே லேசாக அமுங்குகிற மாதிரி அமைப்பார்கள். ஷூ போட்டு ஆடுகிறவர்களுக்கே அந்த ஏற்பாடு. நம் ஊரிலும் கல்லில் ஆடிய வழக்கம் எல்லாருக்கும் இல்லை. தர்மபுரி பக்கத்து திரௌபதி அம்மன் திருவிழாக்களில் கூத்துக்காரர்கள் கிரீடமும் புஜக்கட்டையும் ஏற்றிக்கொண்டு விடிய விடிய ஆடுவது மண் தரையில்.

வீட்டில் செய்ய முடிந்தது: கனமான ரப்பர் பாய் விரித்து அதன் மேல் 18 மி.மீ. பிளைவுட் பலகை. குழந்தைகள் விளையாட்டுக்கு விற்கிற மெத்தென்ற ஃபோம் பாய் மட்டும் போட்டு ஆட விடாதீர்கள். கால் தள்ளாடி கணுக்கால் பிசகும். குதித்து மெட்டடவு மாதிரிக் குதிக்கிற அடவுகளை மட்டுமாவது பலகையில் பழகட்டும்.

நான் ஆடிய பாலே பள்ளியில், வலிக்கிறது என்று சொன்னவள் பின் வரிசைக்குப் போவாள். அதனால் யாரும் சொல்வதில்லை. எனக்குக் கணுக்காலின் பின்பக்கம், விரல் நுனியில் ஏறும்போதெல்லாம் கிள்ளுகிற மாதிரி ஒரு வலி இருந்தது. பாலே ஆடுகிறவர்களுக்கு அடிக்கடி வருகிற ஒன்றுதான் அது என்று பிசியோதெரபி பாடத்தில் படித்தபோதுதான் தெரிந்தது. இங்கே வருகிற பிள்ளைகளிடம் வேறு வடிவத்தில் அதே மௌனம். நமஸ்காரம் செய்துவிட்டுத் தொடங்கும் வகுப்பில் வலி என்று சொன்னால் குருவை எதிர்த்துப் பேசின மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். அம்மாவிடம் சொன்னால் கட்டின ஃபீஸ், சொல்லிவைத்த மண்டபம், அடித்த பத்திரிகை எல்லாம் கண் முன்னால் வரும். அதனால் என்னிடமும் முதலில் "லேசாத்தான் ஆன்ட்டி" என்பாள்.

எல்லா வலிக்கும் பயப்பட வேண்டாம். இரண்டு தொடையும் ஒரே மாதிரி கனத்து இரண்டு மூன்று நாளில் போய்விட்டால் அது தசை உழைத்த வலி. 8 முதல் 14 வயதுக்குள் குதிகாலின் பின்பக்கம் வலித்தால் பெரும்பாலும் வளர்கிற எலும்பின் வலி. தட்டுவதைக் குறைத்து, கெண்டைக்கால் தசையை நீட்டிவிடும் பயிற்சி செய்தால் அடங்கும். ஒரே இடத்தில் விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய எலும்பு வலிதான் எனக்குக் கவலை. ஆட ஆட அதிகமாகிறது, ராத்திரியும் விடவில்லை, நொண்டுகிறாள் என்றால் அது எலும்பில் விழுந்த நுண் விரிசலாக இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் வரை எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். "எக்ஸ்ரே நார்மல்" என்ற தைரியத்தில் க்ரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு மறுபடி ஆடுவதும், சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு வழிப்பதும் அந்த விரிசலைப் பெரிதாக்கும்.

சாப்பாடு. காஸ்ட்யூமுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்த அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். செலவழிக்கிற அளவுக்குச் சாப்பிடாத உடம்பு முதலில் மாதவிடாயை நிறுத்தும், அப்புறம் எலும்பை மெலியவிடும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014ல் இதற்கு ரெட்-எஸ் என்று பெயரே வைத்தது. பாலே உலகத்துக்கு அதற்கு முன்பே நன்றாகத் தெரிந்த சங்கதி. மஞ்சள் நீராட்டுக்கு ஊரையே கூப்பிடுகிறோம், அதற்குப் பிறகு மாதாமாதம் வருகிறதா என்று கேட்பதில்லை. மூன்று மாதம் வராவிட்டாலோ, 15 வயதாகியும் பூப்படையாவிட்டாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். உணவுக்கு எங்கும் தேட வேண்டாம். நம் மண்ணில் விளைகிற ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. களி பிடிக்காத பிள்ளைக்கு ராகி தோசை. கூடவே கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்கள் பல. பல்லில் பழுப்புக் கறை இருக்கிற பிள்ளைக்கு மூட்டு வலி என்றால், ஒகேனக்கல் குடிநீரா, போர் தண்ணீரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அரங்கேற்றம் முடிந்து ஒரு வருடத்தில் இதே பிள்ளைகளில் சிலர் திரும்ப வருவார்கள், இந்த முறை முதுகு வலியோடு. நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து படிப்பு, ஆட்டம் சுத்தமாக நின்றுபோயிருக்கும். நான் விட்ட புதிதில் சாயங்காலம் ஆனால் கை கால் என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும். இன்றைக்கும் ரேஷன் கடை வரிசையில் நின்றால் பாதம் தானாகத் திரும்பிக்கொள்ளும், பின்னால் நிற்கிறவர் ஒரு மாதிரி பார்ப்பார். பொதுத்தேர்வு வருடத்திலும் வாரத்துக்கு ஒரு வகுப்பு, அரை மணி நேரம் அடவு போதும். வர்ணம் மாதிரி நீளமான உருப்படியை அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் போகும்போது பிள்ளை நாட்டியம் ஆடுகிறாள் என்று முதலிலேயே சொல்லுங்கள், பலர் கேட்டால்தான் சொல்கிறார்கள். பயிற்சி நேரம் எந்த வாரத்திலிருந்து எவ்வளவு கூடியது, எந்தத் தரை, எந்த அடவில் வலி வருகிறது, கடைசியாக மாதவிடாய் வந்த தேதி, இவ்வளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். வலிக்கிற இடத்தை நீங்கள் காட்ட வேண்டாம், அவளே ஒரு விரலால் தொட்டுக் காட்டட்டும். அந்த நேரத்தில் மட்டும் அம்மாக்கள் கொஞ்சம் வெளியே உட்கார்ந்தால் எங்களுக்குப் பெரிய உதவி.