‘உயர்தரம்’ என்றால் நல்லதா? கிரேடு என்ற சொல்லுக்குத் தமிழ்

ஏற்காட்டில் இரண்டு ஏக்கரில் காப்பி போட்டிருக்கும் என் மாமா போன மாதம் ஒரு கோப்போடு சேலம் வந்தார். கணையத்தில் நீர்க்கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்து, எண்டோஸ்கோபி வழியாக இரைப்பைக்குள் இறங்கி, அங்கிருந்து ஊசி போட்டு நீர் எடுத்திருந்தார்கள். செல் பரிசோதனை முடிவை மருத்துவமனையில் தமிழிலும் அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து, “உயர்தர மாற்றம்னு போட்டிருக்கு கண்ணு, நல்லதுதானே?” என்று கேட்டார். முகத்தில் நிம்மதி.

நல்லதில்லை. ஆங்கில அறிக்கையில் ‘ஹை கிரேடு’ என்று இருந்தது, அதாவது செல் ரொம்பக் கெட்டிருக்கிறது. அதைத்தான் யாரோ ‘உயர்தரம்’ ஆக்கியிருக்கிறார்கள். இந்தச் சொல்லை இப்படிப் பார்ப்பது எனக்கு முதல் தடவை இல்லை. துண்டறிக்கைகளிலும் பத்திரிகைக் கட்டுரைகளிலும் இதே வார்த்தைதான் வந்துகொண்டிருக்கிறது.

கிரேடு, லத்தீனில் ‘கிராடுஸ்’. காலடி, படி என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. படி என்பதில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எது எத்தனை படி ஏறியிருக்கிறது என்பது மட்டும்தான் அதில் உண்டு.

தமிழில் தரம் அப்படிப்பட்ட சொல் இல்லை. ‘தரமான சாமான்’ என்றால் நல்ல சாமான். ‘தரங்கெட்ட பேச்சு’ என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. சேலத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் ‘உயர்தர சைவ உணவகம்’ என்ற பலகை கண்ணில் படும். மாம்பழ மண்டியில் முதல் தரம் தனிக்கூடை, அடிபட்டது வேறு கூடை. மாமாவின் காப்பியிலும் அதே கதைதான்: பிளான்டேஷன் ஏ என்றால் பெரிய கொட்டை, நல்ல விலை, சி என்றால் குறைவு. வாழ்நாள் முழுக்கக் கொட்டையைத் தரம் பிரித்த மனிதரிடம் ‘உயர்தரம்’ என்று எழுதிக் கொடுத்தால் அவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்?

இலங்கைத் தமிழில் தரம் என்றால் கிரேடுதானே, ‘தரம் 5’ என்று வகுப்பைச் சொல்கிறார்களே, ‘உயர்தரப் பரீட்சை’ இருக்கிறதே என்று ஒரு நண்பர் வாதாடினார். நம் ஊர் அரசு ஊழியர்களுக்கும் ‘தர ஊதியம்’ இருந்தது. சரி, ஆனால் வகுப்பில் மேலே போவது நல்லது, சம்பளத்திலும் அப்படியே. ஏறுவது நன்மையாக இருக்கிற இடத்தில் தரம் உறுத்தாது. செல்லின் கேடு ஏறுவது நன்மை இல்லையே.

அங்கே நடப்பது என்ன? கணையம் என்று பழந்தமிழில் கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போடும் மரத்துக்குப் பெயர். இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே கிடக்கிற உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. அதில் வரும் நீர்க்கட்டிகளில் சில வெறும் நீர். சில சளி சுரப்பவை. எடுத்த துளியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்தால் பாகு மாதிரி இழை ஓடும். சளிக்கட்டிதான் பிற்பாடு புற்றுநோயாக மாறக்கூடியது. நீரில் சிஇஏ என்ற புரதம் மில்லிலிட்டருக்கு 192 நானோகிராமுக்கு மேல் இருந்தால் சளிக்கட்டி என்று சந்தேகிப்பார்கள். ஆனால் அந்த எண் எவ்வளவு கூடினாலும் கிரேடைச் சொல்லாது. அதற்குச் செல்லைத்தான் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் செல்கள் வரிசையாக நிற்கும், உட்கரு அடியில் ஒழுங்காக இருக்கும். பிறழ்வு, அதாவது செல் இயல்பிலிருந்து விலகுவது, முற்றினால் செல் சிறுத்து, உட்கரு மட்டும் பெருத்து, சுற்றிலும் செத்த செல்களின் குப்பை தெரியும். 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஏழு வகைப் பகுப்பில் இந்த இரண்டும் தனித்தனி வகை: லோ கிரேடு, ஹை கிரேடு. முதலாவதைப் பெரும்பாலும் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பார்கள். இரண்டாவது என்றால், உடம்பு தாங்கும் என்றால், அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வரும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒரே ஒரு தவறான சொல் தலைகீழாக்கிவிடுகிறது.

‘உயர்நிலை’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது இன்னொரு குழப்பம். ‘ஸ்டேஜ்’ என்பதற்கு நிலை என்ற சொல் ஏற்கெனவே மக்கள் வாயில் ஊறிவிட்டது. நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது நிலை. செல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது கிரேடு. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் படிக்கிறவர் நான்காம் நிலை என்று நினைத்துப் பயந்துவிடுவார்.

ஆகவே பொதுவாகக் கிரேடு என்பதற்குப் ‘படி’ போதும், மூலச்சொல்லும் அதுதான். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். இருபதாவதை யாரும் உயர்தர வளைவு என்பதில்லை. செல் அறிக்கைக்கு ‘குறைபிறழ்வு, மிகுபிறழ்வு’ என்று முதலில் யோசித்தேன். ‘குறை’ என்றால் குற்றம் என்றும் ஆகிவிடுகிறதே என்று விட்டுவிட்டேன். நம்மிடம் இளவெயில், கடுவெயில் இருக்கிறது. இளஞ்சூடு இருக்கிறது, கடுங்காப்பி இருக்கிறது. அதே தடத்தில் இளம்பிறழ்வு, கடும்பிறழ்வு. மாமாவின் தாளுக்குப் பின்னால் ‘கடும்பிறழ்வு. புற்றுநோய் என்று இன்னும் சொல்லவில்லை. அறுவை பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். அப்புறம் என்றைக்குப் போகலாம் என்று கேட்டார்.

நான் தனித்தமிழ் விரும்புகிறவன்தான். ஆனாலும் ‘உயர்தரம்’ என்று எழுதுவதைவிட ‘ஹை கிரேடு’ என்று அப்படியே விட்டிருந்தால் மாமா யாரிடமாவது அர்த்தம் கேட்டிருப்பார். புரியாத சொல் கேள்வி கேட்க வைக்கும்; தப்பாகப் புரிகிற சொல் வாயை அடைத்துவிடும். அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள் நோயாளியின் இடத்தில் உட்கார்ந்து ஒரு தடவையாவது படித்துப் பார்ப்பதில்லை. அதே தாளின் விளக்கப் பகுதியில், புற்றுநோய் இல்லை என்பதற்கு ‘எதிர்மறை முடிவு’ என்றும், இருக்கிறது என்பதற்கு ‘நேர்மறை முடிவு’ என்றும் அச்சிட்டிருந்தது. ‘புற்றுநோய்ச் செல் தென்படவில்லை’, ‘தென்பட்டது’ என்று எழுத என்ன தடை?