எட்டு கேமரா, ஒரு முகமும் இல்லை

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பலசரக்குக் கடை. ஓர் ஆடி மாதக் காலையில் கடைக்கார அண்ணாச்சி போன் செய்து அழைத்தார். கல்லாவில் இருந்த பணம் போயிருந்தது. கடையில் எட்டு கேமராக்கள், நான் பொருத்தியவை அல்ல. பதிவை ஓட்டிப் பார்த்தோம். இரவு இரண்டே காலுக்குப் பின்கதவு வழியாக ஒருவன் வருகிறான், கல்லாவை நெம்புகிறான், வந்த வழியே போகிறான். ஆறு கேமராவில் அவன் இருக்கிறான். ஆறிலும் தெரிவது தலையில் கட்டிய துண்டு மட்டுமே. எல்லாக் கேமராவும் பன்னிரண்டு அடி உயரத்தில், கூரையை ஒட்டி, பல்லி பார்க்கிற கோணத்தில் இருந்தன.

"தம்பி, ஒவ்வொன்றும் அஞ்சு மெகாபிக்சல் என்றுதானே சொல்லி விற்றார்கள்?" என்றார் அண்ணாச்சி. அவர்கள் சொன்னது பொய்யில்லை.

திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் பதினாறு ஆண்டுகளாகக் கேமரா பொருத்தும் வேலையைச் செய்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "நாலு கேமரா என்ன விலை, எட்டு என்ன விலை?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: களவு நடந்த மறுநாள் காலையில் அந்தப் பதிவில் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? முகமா, வண்டி எண்ணா, கல்லாவுக்குள் போன கையா, அல்லது யாரோ வந்தார்கள் என்ற தகவலே போதுமா? இதற்குப் பதில் கிடைக்காமல் கேமராவைத் தேர்ந்தெடுப்பது, ஆளை அளக்காமல் சட்டை தைப்பது.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு, முன்பின் தெரியாத ஒருவரைப் படத்தில் அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது. தெரிந்த ஆள்தான் என்று உறுதிப்படுத்த 125 போதும். ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று அறிய 25 போதும். இரண்டு மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். 250ஆல் வகுத்தால் ஏழரை மீட்டர் சொச்சம். இங்கே பெரும்பாலும் மாட்டப்படும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் நூறு டிகிரிக்கு மேல் விரிந்து பார்ப்பது. அதில் மூன்று மீட்டர் தொலைவிலேயே படத்தின் அகலம் அந்த அளவை எட்டிவிடும். பத்தடிக்கு அப்பால் நிற்பவனின் முகம் கணக்கில் வராது. அஞ்சு மெகாபிக்சல் என்றால் இன்னும் மூன்றடி கூடும், அவ்வளவுதான்.

ஆனித் தேரோட்டத்தன்று மொட்டை மாடியில் நின்று ரத வீதியைப் பார்ப்பது போன்றதுதான் 2.8 லென்ஸ். தேர் தெரியும், கூட்டம் தெரியும். வடம் பிடிக்கிற உங்கள் மச்சான் தெரியமாட்டார். அவர் வேண்டுமென்றால் பார்வையைக் குறுக்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் லென்ஸில் அதே இரண்டு மெகாபிக்சல் கேமரா இருபத்தைந்து அடி வரை முகத்தைக் காட்டும். பக்கவாட்டில் எதுவும் தெரியாது. ஆகவே ஒரே கேமராவிடம் இரண்டு வேலையையும் கேட்கக்கூடாது. மெகாபிக்சலை ஏற்றிக்கொண்டே போனாலும் தீராது: ஒரே அளவுள்ள சென்சாரில் பிக்சலைக் கூட்டினால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைகிறது, இரவுப் படம் கலங்குகிறது. கள்வனோ இரவில் வருகிறவன்.

உயரமும் அப்படியே. முகம் வேண்டிய கேமரா வாசலுக்கு நேரே ஏழெட்டு அடியில் இருக்க வேண்டும். கைக்கு எட்டும், உடைத்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. உடைக்கட்டுமே. உடைக்க வருகிறவனின் முகம் அதற்கு முன்னரே பதிவாகிவிடும். வாசல் கிழக்கோ மேற்கோ பார்த்தால், நம் ஊர் வெயிலில் உள்ளே வருகிறவர் கருநிழலாகத்தான் தெரிவார். அங்கே வெயிலும் நிழலும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியச் செய்யும் டபிள்யூடிஆர் வசதி கட்டாயம். அதுவும் மென்பொருள் பூச்சாக இல்லாமல் 120 டெசிபல் என்று அட்டையில் எழுதியிருப்பதாகப் பாருங்கள்.

இரவுப் படத்தில் வெள்ளையாக ஏதோ ஆடுகிறது, பேயா என்று கேட்டு ஒரு முறை களக்காட்டிலிருந்து போன் வந்தது. சிலந்தி வலை. இரவில் கேமராவில் எரியும் அகச்சிவப்பு விளக்கைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். மாதம் ஒருமுறை ஒட்டடைக் கம்பு போதும். காற்று மாதங்களில் வேறு தொல்லை: தென்னங்கீற்று அசையும்போதெல்லாம் செல்போனில் எச்சரிக்கை மணி. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் மணியையே அணைத்துவிடுவார். மனிதரையும் வண்டியையும் மட்டும் பிரித்தறியும் கேமராக்கள் இப்போது எட்டும் விலைக்கு வந்துவிட்டன. தோப்பு வீடுகளுக்கு அந்தக் கூடுதல் செலவு தகும்.

கேபிளில்தான் ஏமாற்று அதிகம். கேட் சிக்ஸ் என்று தரம் அச்சிட்டிருக்கும். உள்ளே செம்பு முலாம் பூசிய அலுமினியம். நெட்வொர்க் கேமராவுக்கு மின்சாரமும் இதே கேபிளில்தான் போகிறது. அலுமினியத்துக்கு மின்தடை அதிகம் என்பதால், பகலில் ஓடும் கேமரா இரவில் விளக்கு எரியத் தொடங்கியதும் அணைந்து அணைந்து எழும். கடைக்காரர் கேமராவைக் குற்றம் சொல்வார். கம்பியின் முனையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்ல செம்புக்கும் நூறு மீட்டர்தான் எல்லை. தோட்டத்துக் கேட் அதற்கும் அப்பால் என்றால் ஃபைபர் இழுங்கள். ஐப்பசி இடிமின்னலுக்கும் அது நல்லது, ஒளியிழையில் மின்சாரம் பாயாது.

இனி பெட்டி. பதிவு சேரும் என்விஆர் பெட்டியை ஏன் எல்லோரும் கல்லாவுக்குக் கீழேயே வைக்கிறார்களோ தெரியவில்லை. விவரம் தெரிந்த திருடன் பணத்தோடு பெட்டியையும் எடுத்துக்கொண்டு போகிறான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. தண்ணீர் வடிந்த வாரத்தில் வண்ணார்பேட்டையிலும் திருநெல்வேலி சந்திப்பிலும் நான் கழற்றிய பெட்டிகளைக் கவிழ்த்தால் சேறு வழிந்தது. கேமராக்கள் மேலே பத்திரமாக இருந்தன. பெட்டிக்கு இடம் பூட்டிய அலமாரியின் மேல்தட்டு, காற்றோட்டம் வேண்டும், யுபிஎஸ் வேண்டும், அந்த யுபிஎஸ்ஸில், கேமராக் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச்சையும் சேர்த்து இணைக்க வேண்டும். பெட்டி மட்டும் விழித்திருந்து கேமராக்கள் தூங்கிப்போன கடைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதையும் வாங்கும்போதே கேளுங்கள். ஒரு கேமரா விநாடிக்கு இரண்டு மெகாபிட் அனுப்பினால் நாளொன்றுக்கு 21.6 ஜிபி. எட்டு கேமராவுக்கு 173 ஜிபி. நாலு டிபி ஹார்ட் டிஸ்க் மூன்று வாரம் தாங்கும். ஆனால் டிஸ்க் பெரிதாக இருப்பது மட்டும் போதாது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், டிஸ்க்கில் போதிய இடம் இருந்தும் பதிவு அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது என்று அறிக்கை தந்தார். நாடே பேசிய அந்தக் காவல் மரண வழக்கில் கேமரா இருந்தது, டிஸ்க் இருந்தது, பதிவு இல்லை. உங்கள் பெட்டியின் அமைப்பை இன்றே திறந்து, பத்து நாளுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தை ஓட்டிப் பாருங்கள்.

மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் பிள்ளைகள் வளைகுடாவில், பெற்றோர் இங்கே. செல்போனில் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கேமரா கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் பொருத்தியவர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால், பிள்ளை பார்க்கிற முற்றத்தை வேறு யாரும் பார்க்கலாம். 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் இட்ட அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை வைத்தே உலகெங்கும் கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்து, அவற்றைக் கொண்டு அமெரிக்காவில் பெரிய இணையதளங்களை முடக்கியது. இந்தியாவில் இணையக் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்று 2025 ஏப்ரல் 9 முதல் கட்டாயம். பெயரில்லாத மலிவுக் கேமராவைக் கையில் எடுக்குமுன் அந்தச் சான்றைக் கேளுங்கள். அம்மா படுக்கும் அறைக்குக் கேமரா கேட்டால் நான் பொருத்துவதில்லை. ஓர் அழைப்பு மணி வைத்துக் கொடுக்கிறேன்.

பாளையக்காரர் காலத்தில் இந்தச் சீமையில் திசைக்காவல், தலக்காவல் என்று முறை இருந்தது. களவு போனதை மீட்க முடியாவிட்டால் காவல்காரர் ஈடுகட்ட வேண்டும். நம் பெட்டி ஈடு கட்டாது, சாட்சி மட்டும் சொல்லும். அந்தச் சாட்சியும் எடுபட வேண்டுமே. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் தர வேண்டும். திரையை இன்னொரு செல்போனால் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். மூலப் பதிவை உடனே தனியாக எடுத்து வையுங்கள். பெட்டியின் கடிகாரத்தையும் பாருங்கள். அண்ணாச்சியின் பெட்டி நாற்பது நிமிடம் பின்தங்கியிருந்தது. கள்வன் வந்தது உண்மையில் மூன்று மணிக்குச் சற்று முன்பு.

அவர் கடையில் இப்போது ஐந்து கேமராக்கள். பின்கதவுக்கு நேரே ஏழடி உயரத்தில் ஒன்று, கல்லாவின் மேல் ஒன்று, வாசலில் ஒன்று, மற்ற இரண்டும் மொத்தப் பார்வைக்கு. கழற்றிய மூன்றையும் துடைத்துப் பழைய அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். கடைக்குப் போகும்போதெல்லாம், "தம்பி, இதற்கு ஏதாவது விலை கிடைக்குமா?" என்று கேட்கிறார்.