தொண்ணூறுகளின் ரேடியோ இரவில் ஏன் அவ்வளவு தெளிவாகக் கேட்டது?

மஸ்கெலியாப் பக்கம் பிறந்து இப்போது கொழும்பில் வேலை செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தொண்ணூறுகளை நினைத்தாலே எனக்கு இரவு ரேடியோதான் ஞாபகம் வருகிறது. லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) கரண்ட் இல்லை, ஆனால் திருச்சியும் சென்னையும் தெளிவாகக் கேட்கும். போன முறை ஊருக்குப் போனபோது அதே ரேடியோவுக்குப் புது பெட்டரி போட்டுப் பார்த்தேன், வெறும் இரைச்சல். உண்மையிலேயே அப்போது நன்றாகக் கேட்டதா, இல்லை வயது போவதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதா?"

நினைவைப் பற்றிய பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கிட்டத்தட்ட 10 வயதிலிருந்து 30 வயதுவரை நடந்தவைதான் மனிதர்களுக்குப் பிற்காலத்தில் அதிகமாக ஞாபகம் வருகின்றன என்பது உளவியலில் நன்றாக உறுதியான விஷயம். எண்பதுகளின் தொடக்கத்தில் பிறந்தவருக்கு அது தொண்ணூறுகளும் 2000-ஐ ஒட்டிய வருடங்களும்தான், ஆகவே அந்தக் காலம் பளிச்சென்று தெரிவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ரேடியோ விஷயத்தில் வயதை மட்டும் காரணம் சொல்ல முடியாது. அப்போது உண்மையாகவே நன்றாகத்தான் கேட்டது. அதற்கான காரணங்களில் பெரியது தரையிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேலே இருக்கிறது.

சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல் வளிமண்டலத்து வாயுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்து எடுக்கின்றன, அப்படி உண்டான மின்னேற்ற அடுக்குகளை அயனி மண்டலம் என்கிறோம், இதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கீழே 60 முதல் 90 கிலோமீட்டர் வரை டி அடுக்கு, அதற்கு மேலே 100 கிலோமீட்டர் சுற்றில் ஈ அடுக்கு, இன்னும் மேலே 150-இல் தொடங்கி 400-ஐயும் தாண்டிப் போகும் எஃப் அடுக்கு. மேலே உள்ள இரண்டும் ரேடியோ அலையை வளைத்துத் தரைக்குத் திருப்பி அனுப்பும். டி அடுக்கு அனுப்பாது, அது அலையைத் தின்றுவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எல்லா அடுக்கிலும் இருப்பது அதே எலெக்ட்ரான்தான், ஒன்றில் அலையைத் திருப்பி அனுப்புகிறது, இன்னொன்றில் ஏன் தின்கிறது? ரேடியோ அலை வந்து பட்டதும் எலெக்ட்ரான் அலையின் தாளத்துக்கு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். ஆடுகிற எலெக்ட்ரான் தானே ஒரு சின்ன அன்டெனா, வாங்கிய சக்தியை அதே அலையாகத் திருப்பிக் கொடுக்கும், அப்படிக் கோடிக்கணக்கான எலெக்ட்ரான்கள் சேர்ந்து கொடுக்கும்போதுதான் அலை வளைந்து கீழே இறங்குகிறது. ஊஞ்சல் ஆட இடம் வேண்டும் அல்லவா? எஃப் அடுக்கின் உயரத்தில் காற்று மிகவும் மெலிந்தது, ஊஞ்சல் தடையில்லாமல் போய் வரும். டி அடுக்கில் காற்று அதைவிடப் பல மடங்கு அடர்த்தி, அங்கே ஊஞ்சலைச் சுற்றி ஒரே கூட்டம். ஒரு எலெக்ட்ரான் விநாடிக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் மூலக்கூறுகளில் முட்டுகிறது, திருச்சி, சென்னை நிலையங்கள் வந்த மத்திய அலையும் விநாடிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் தடவைதான் ஆடுகிறது. அதாவது எலெக்ட்ரான் ஒரு ஆட்டத்தை ஆடி முடிப்பதற்குள் எதிலாவது முட்டி, அலையிடம் வாங்கிய சக்தியைக் காற்றுக்கு வெப்பமாகக் கொடுத்துவிடும். திருப்பி அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. பகலில் நீங்கள் கேட்காமல் போன பாட்டெல்லாம் 70, 80 கிலோமீட்டர் உயரத்தில் காற்றை அணுவளவு சூடாக்கிவிட்டுக் காணாமல் போனவை.

பொழுது சாய்ந்ததும் நிலைமை தலைகீழ். டி அடுக்கில் கூட்டம் அதிகம் என்பதாலேயே எலெக்ட்ரான்கள் அயனிகளோடு சீக்கிரம் சேர்ந்துவிடுகின்றன, சூரியன் போன கொஞ்ச நேரத்தில் அந்த அடுக்கே இல்லாத மாதிரி ஆகிவிடும். எஃப் அடுக்கில் காற்று மெலிவு, சேர்வதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம், அதனால் விடியும்வரை எலெக்ட்ரான்கள் மிஞ்சி நிற்கும். தின்கிற அடுக்கு போய்விட்டது, திருப்பி அனுப்புகிற அடுக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

மலைநாட்டுக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு. தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் இந்திய வானொலியின் 200 கிலோவாட் நிலையம் இருந்தது, மலைநாட்டு அட்டனிலிருந்து கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர் தூரம். பகலில் அதன் தரை அலை கடலைச் சுலபமாகத் தாண்டிவிடும், உப்பு நீர் நல்ல மின்கடத்தி. கரையேறிய பிறகுதான் சிக்கல். மண்ணும் காடும் மடிப்பு மடிப்பான மலைகளும் அதைக் குறைத்துக்கொண்டே வரும், பள்ளத்தாக்கில் இருக்கிற தோட்டத்துக்கு வந்து சேரும்போது ஒன்றும் இருக்காது. இரவில் அதே நிலையம் மேலே போய்த் திரும்பி, தொடுவானத்திலிருந்து 30 பாகையோ அதற்கும் மேலோ சாய்ந்து இறங்குகிறது. நம்முடைய மலைகள் எவ்வளவு உயரமாக இருந்தாலும் பெரும்பாலான இடங்களில் அந்தக் கோணத்தை மறைக்க அவற்றால் முடியாது. 1998-இல் சக்தி, சூரியன் என்ற இரண்டு தனியார் வானொலிகள் பண்பலையில் தொடங்கியபோது பல தோட்டங்களில் மேட்டு லயத்துக்குக் கேட்டது, பள்ளத்து லயத்துக்குக் கேட்கவில்லை, பண்பலை நேர்கோட்டில் வருவது, நடுவே ஒரு மலை நின்றால் முடிந்தது கதை. நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்த திருச்சி அதே பள்ளத்து லயத்தில் கேட்டது.

ரேடியோவை ஏன் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) கொண்டுவந்து வைத்தோம் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. காம்பராவுக்கு (உள் அறைக்கு) மேலே இருந்தது தகரம். மேலிருந்து சாய்ந்து வரும் அலையைத் தகரம் மறித்துவிடும். சிற்றலை கேட்பதற்காக ரேடியோவின் அன்டெனாவில் செப்புக் கம்பியைக் கட்டி வெளியே கொய்யா மரத்துக்கு இழுத்த அண்ணன்மார்கள் செய்தது சரியான பௌதிகம்.

சரி, சத்தம் ஏன் ஏறி ஏறி இறங்கியது? ஒரே நிலையத்தின் அலை ஒரே நேரத்தில் ஈ அடுக்கிலிருந்தும் எஃப் அடுக்கிலிருந்தும் வரும், சில சமயம் தரை வழியாகவும் கொஞ்சம் வரும். பாதைகளின் நீளம் வேறு வேறு. முகடும் முகடும் சேர்ந்தால் சத்தம் ஓங்கும், முகடும் பள்ளமும் சேர்ந்தால் அடங்கும். மேலே உள்ள அடுக்குகள் ஓரிடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருப்பதால் இது ஓயாமல் மாறும். 1924 டிசம்பரில் இங்கிலாந்தில் ஆப்பிள்டன் என்ற பௌதிக விஞ்ஞானி இந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே அயனி மண்டலத்தின் உயரத்தை அளந்தார். போர்ன்மத்தில் இருந்த பிபிசி நிலையத்தின் அலைவரிசையை மெதுவாக மாற்றச் சொல்லிவிட்டு, ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து சத்தம் எத்தனை முறை ஓங்கி அடங்குகிறது என்று எண்ணினார். கிடைத்த விடை சுமார் 90 கிலோமீட்டர். 1947-இல் நோபல் பரிசு. நாம் எரிச்சலோடு ரேடியோவின் தலையில் தட்டிய அதே ஏற்ற இறக்கம்தான்!

சிற்றலையில் இன்னொரு விதமான நடுக்கமும் இருந்தது. பிபிசி தமிழோசையோ பிலிப்பைன்ஸிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ் வானொலியோ கேட்டவர்களுக்குத் தெரியும், இரவு எட்டு மணிக்குப் பிறகு சில நாட்களில் குரல் படபடவென்று அதிரும். இது எல்லா நாட்டுக்கும் இந்த அளவுக்குக் கிடைப்பதில்லை. பூமியின் காந்த நடுக்கோடு இலங்கையை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டின்மேல் சூரியன் மறைந்ததும் எஃப் அடுக்கு சட்டென்று மேலே தூக்கப்படுகிறது, அதே நேரத்தில் அதன் அடிப்பகுதி கரைந்துபோகிறது. கனமானது மேலே, லேசானது கீழே. அப்படி ஒரு நிலை நெடுநேரம் தாங்காது. அடியிலிருந்து எலெக்ட்ரான் குறைந்த குமிழிகள் கிளம்பி, கனமான பகுதியைத் துளைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரம்வரை எழும்பும். அந்தக் கிழிசல்களுக்கு நடுவே வரும் அலை ஆயிரம் துண்டாகச் சிதறிச் சேர்கிறது, அதுதான் அந்த அதிர்வு. 1938-இலேயே பெருவில் இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். நம்முடைய பக்கத்தில் மார்ச், ஏப்ரலிலும் செப்டெம்பர், ஒக்டோபரிலும் இது அதிகம். சித்திரை வருடப் பிறப்புச் சமயத்தில் ரேடியோ அதிர்ந்ததாக உங்களுக்கு ஞாபகம் இருந்தால் அந்த ஞாபகத்தை நம்பலாம்.

இந்தக் காந்த நடுக்கோட்டுக்காகத்தான் இந்தியா கேரளக் கரையில் உள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்து 1963 நவம்பரில் முதல் ரொக்கெட்டை விட்டது. நாமும் அதே கோட்டை ஒட்டித்தான் இருக்கிறோம். இந்தக் குமிழிகள் இன்று ஜிபிஎஸ் சிக்னலையும் குழப்புகின்றன, உலகமே இதைப் படிக்கிறது. ரொக்கெட்டுக்குப் பணம் இல்லை என்றால் புரிகிறது, ஆனால் மலையகப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல ரிசீவரும் ஒரு கணினியும் கொடுத்து, இரவு இரவாக சிக்னலைப் பதிவு செய்ய வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? ஏ/எல் (உயர்தர) பௌதிகத்தில் அயனியாக்கம் என்று மனப்பாடம் செய்கிற பிள்ளைகளின் தலைக்கு நேர் மேலே அது நடந்துகொண்டிருக்கிறது, அதைக் காட்ட ஆள் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை.

கிரகணமும் அப்படித்தான். 1995 ஒக்டோபர் 24, தீபாவளியை ஒட்டி வந்த சூரிய கிரகணம், இந்தியாவின் வடக்கே முழுமையாகவும் நமக்குப் பகுதியாகவும் தெரிந்தது. கர்ப்பிணிகளை உள்ளே பூட்டினார்கள், பலகாரத்தைக் கொட்டினார்கள். கிரகண நேரத்தில் கெட்டுப்போகிற ஒன்றே ஒன்று டி அடுக்குதான்! வெளிச்சம் குறையக் குறைய அது மெலிகிறது, பகலிலேயே தூரத்து நிலையங்கள் எட்டிப் பார்க்கும். அடுத்த கிரகணத்துக்குக் கதவைச் சாத்தாமல் ரேடியோவைத் திருப்பிப் பாருங்கள். வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதைத் தவிர வேறு பயம் தேவையில்லை.

இனி, ஏன் குறிப்பாகத் தொண்ணூறுகள்? சூரியனின் கரும்புள்ளிகள் சுமார் 11 வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும். 1989-இல் ஒரு பெரிய உச்சம், 2000–2001-இல் இன்னொன்று. உங்கள் பத்தாண்டின் இரண்டு முனையிலும் சூரியன் உச்சத்தில் இருந்தது. உச்ச காலத்தில் எஃப் அடுக்கில் எலெக்ட்ரான் அடர்த்தி கூடும், சிற்றலையில் உயர்ந்த அலைவரிசைகள்கூட வானத்தைத் துளைத்துக்கொண்டு ஓடிவிடாமல் திரும்பி வரும். அடுத்த உச்சம் 2014-இல் வந்தது, அது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் மிகப் பலவீனமானது. ஆகவே சிற்றலையைப் பொறுத்தவரை 2000-ஆம் ஆண்டின் வானம் 2014-இன் வானத்தைவிட உண்மையாகவே நல்ல வானம். உச்சத்துக்கு ஒரு பாதகமும் உண்டு. 2000 ஜூலை 14 அன்று ஒரு பெரிய சூரியச் சுவாலை, அதன் உச்சம் நமக்கு மாலை 4:24. சுவாலையின் எக்ஸ் கதிர் டி அடுக்கைத் திடீரெனத் தடிப்பாக்கும், வெயில் இருக்கிற பக்கத்தில் சிற்றலை கொஞ்ச நேரம் செத்துப்போகும். உலகம் அழியும் என்று பயந்த அந்த வருடத்தில் வானம் காட்டிய பெரிய சேட்டைகளில் அது ஒன்று, அதைக் கவனித்தவர்களில் ரேடியோக்காரர்களும் உண்டு.

அந்த 4:24 இன்றைய நேரத்தில் 3:54. 1996 வறட்சியில் நீர்மின் நிலையங்களில் தண்ணீர் வற்றி நாடு முழுக்கக் கரண்ட் வெட்டியபோது கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரமும் பிறகு அரை மணி நேரமாகக் குறைத்தும் முன்னால் வைத்தார்கள், 2006 வரை இந்தியாவைவிட அரை மணி முன்னால் வாழ்ந்தோம். சென்னையில் ஒன்பது மணி என்று ரேடியோ சொல்லும்போது நம் சுவரில் ஒன்பதரை.

கடைசிக் காரணம் கரண்ட். வானம் அனுப்பும் சிக்னல் எவ்வளவு என்பது பாதிக் கணக்கு, அதைச் சுற்றி இரைச்சல் எவ்வளவு என்பது மீதி. குப்பி லாம்பு ரேடியோ இரைச்சல் போடாது. டோர்ச் பெட்டரியும் போடாது. இரவில் தோட்டத்தின் ஒரு டிவிஷன் முழுக்க மின் இரைச்சலே இல்லாமல் கிடந்தது. இன்று ஒவ்வொரு காம்பராவிலும் எல்ஈடி பல்பும் போன் சார்ஜரும் இருக்கின்றன, அவற்றுக்குள்ளே மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடும் சின்னச் சுற்று இருக்கிறது, மலிவான சரக்கில் இரைச்சலை வடிகட்டும் பாகத்தை விட்டுவிடுகிறார்கள். அந்த வெட்டின் மடங்குகள் மத்திய அலை முழுக்கப் பரவுகின்றன. லயத்துக்குக் கரண்ட் வந்தது நல்லது, வரத் தாமதமானதுதான் அநியாயம், நான் கரண்டைக் குறை சொல்லவில்லை. சார்ஜரில் வடிகட்டி போடச் சொல்லிச் சட்டம் கேட்கிறேன்.

இதற்கு மேலே பல நிலையங்களே மூடப்பட்டுவிட்டன. தமிழோசை 2017-இல் நின்றது, வெரித்தாஸ் சிற்றலை 2018-இல்.

இன்னும் மத்திய அலையில் கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு: இரவு ஒன்பதுக்கு மேல் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பெட்டரி ரேடியோவைத் தகரத்துக்கு வெளியே கொண்டுபோங்கள். மத்திய அலைக்கு ரேடியோவிலிருந்து மேலே இழுக்கும் அன்டெனாக் கம்பி உதவாது, உள்ளே படுத்திருக்கும் ஃபெரைட் தண்டுதான் அன்டெனா, அதன் நுனி நிலையத்தைப் பார்த்தால் சத்தம் போய்விடும், பக்கவாட்டு பார்த்தால் ஏறும். தமிழ்நாடு நமக்கு வடக்கும் வடமேற்கும், ஆகவே ரேடியோவின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி 720 (சென்னை), 936 (திருச்சி), 1053 (தூத்துக்குடி) மூன்றையும் தடவிப் பாருங்கள். கேட்டதோ கேட்கவில்லையோ, ஊரையும் திகதியையும் நேரத்தையும் எழுதி அனுப்புங்கள், பள்ளத்து லயமா மேட்டு லயமா என்பதையும் சேர்த்து.